மிடற்றை வருத்தும் பயிற்சி

பண்ணிசைப் போட்டிகளில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்கு ஆண்டுதோறும் கிடைக்கின்றது. ஆண் மாணாக்கரின் மேற்பிரிவுப் பாடல்களைக் கேட்குந்தோறும் மகிழ்ச்சியினும் பதைப்பே மிகுகின்றது. 13, 14 வயதுச் சிறுவன் மகரக்கட்டில் இருக்கின்றான். குரல் ஒருகாற் கீச்சிடுகின்றது. ஒருகால் இறங்கி உடைகின்றது. அவனோ சென்ற ஆண்டு பாடிய 5 கட்டைச் சுருதியிலேயே இவ்வாண்டும் பாடுமாறு பணிக்கப்பட்டிருக்கின்றான். கழுத்து நரம்பு புடைக்க அவன் எட்டிப் பிடிக்கும் மேற்சட்சத்துக்குச் சபையோர் கைதட்டுகின்றனர்; நடுவருட் சிலரும் புள்ளியை அள்ளி வழங்குகின்றனர்.

மகரக்கட்டு நோயன்று. அப்பருவத்திற் குரல்வளை பெருக்கின்றது. அதனுள்ளிருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனாற் குரல் ஏறத்தாழ ஒரு தாயி அளவு இறங்கிவிடும். நேற்றைய சுருதி இன்றைய நாணுக்கு எங்ஙனம் பொருந்தும்? வீணைத் தந்தியை மிகை முறுக்கினால் அறும் என்று அஞ்சும் ஆசிரியர், மாணாக்கன் மிடற்றுக்கு அவ்விரக்கத்தைக் காட்டாமை வியப்பே.

பழைய நாடக மேடையைச் சான்று காட்டுவோர் உளர். 1933 இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உச்சச் சுருதியிற் பாடினர். ஒலிபெருக்கி வந்தபின் அத்தேவை ஒழிந்தது. போலச் செய்யும் ஆசை ஒழியவில்லை.

சாதாரணமாகப் பேசும்பொழுதே ஆடவரின் குரல் நாண்கள் நொடிக்கு 100 முறையளவில் ஒன்றையொன்று தொட்டு மீள்கின்றன. வலிந்து கத்தினால் அத்தொடுகை மோதலாகின்றது. நாட்படவே, மண்வெட்டி பிடித்த கையிற்போல அங்கும் காய்ப்பு உண்டாகும். தடிமன் பிடித்த நாளிற் பாடுதலும், கம்மலைப் போக்க ஓயாது கனைத்தலும் இத்தகையனவே. மிளகும் கற்கண்டும் மென்றுவிட்டு மேடையேறுவோர்க்கு ஒன்று கூறுவேன்: விழுங்கியது உணவுக்குழாய் வழியே செல்லும், குரல் நாணைத் தொடாது.

எழுத்துப் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர் உந்தியினின்று எழும் வளியையே முதற்கண் வைத்தார்; மிடறு அதன் பின்னரே வருகின்றது. நம் பயிற்சியோ மூச்சை மறந்து தொண்டையிலே தொடங்குகின்றது.

போட்டி நடத்துவோர் விதியைத் திருத்துதல் வேண்டும். சுருதியைப் பாடுவோனே தெரிந்துகொள்க. உயரத்துக்கெனப் புள்ளி வேண்டா. மகரக்கட்டில் உள்ளவன் தனக்கு இயைந்த தாழ்ந்த சுருதியிற் சிறிது நேரம் பாடட்டும். அதுவும் இயலாதாயின், குரல் நிலைபெறும்வரை தாளமோ வீணையோ பயிலட்டும். அவ்வாண்டுக் கிண்ணம் வேறொரு பாடசாலைக்குப் போனாற் போகட்டும்.