அன்பும் கருவியும்

நமது தருமபுரத்து மாணவி ஒருத்தி சென்ற வாரம் நம்மிடம் ஒரு விண்ணப்பத்துடன் வந்தாள். வயது பதினேழு. விடுமுறையில் வெளிதேசம் சென்று, அங்கே ஒரு விடுதியிலுள்ள அநாதைக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் சேவை செய்ய வேண்டுமாம். தகப்பனார் செலவுக்கு அஞ்சுகிறார். தாயார் தூரத்துக்கு அஞ்சுகிறார். "வீட்டில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சார்" என்றாள்.

நாம் ஒரு கதையைச் சொன்னோம்.

1890-ஆம் வருஷத்தில், இருபது நிரம்பும் தறுவாயிலிருந்த ஐடா ஸ்கட்டர் என்னும் அமெரிக்கப் பெண், திண்டிவனத்தில் நோயுற்றிருந்த தாயாருக்குத் துணையாக வந்தாள். சிறு குழந்தையாய் இருந்தபோது, தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிச் சிறார்களுக்கு ரொட்டி பிட்டு ஊட்டியவள் அவள். ஆயினும் இந்நாட்டில் தங்கும் எண்ணம் அவளுக்குச் சிறிதும் இல்லை.

ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். டாக்டராகிய தம் தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னாள். அந்நிய ஆடவர் தொடலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஐடாவிடம் இரக்கம் இருந்தது, வித்தை இல்லை. தாய்நாடு திரும்பி 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்றாள். 1900-ல் மீண்டும் வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கினாள். 1918-ல் பெண்களுக்கு அங்கே வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. 1960-ல் இறந்ததும் நம் நாட்டில்தான்.

நமது ஊர்க் கோயில் வரலாறும் இதையே நினைவூட்டுகிறது. சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போகவே, நீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்க ஓங்கினாராம். அவருக்கு அன்பில் குறைவில்லை, கருவிதான் போதவில்லை.

மற்றொன்றும் சொன்னோம். பெற்றோர் உள்ள பிள்ளைகளையே அநாதைகளாகக் காட்டிப் பொருள் சேர்க்கும் விடுதிகளும் உலகில் உண்டு. இத்தகைய விடுதிகளுக்குத் தொண்டர்கள் யாத்திரை போவதால் விளையும் கேட்டை 2019-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையே எடுத்துக் கூறியது. இரண்டு வாரம் ஒட்டி உறவாடிப் பிரிபவர்களைக் கண்டு கண்டு குழந்தை மனம் வாடும் என்பதையும் மறக்கலாகாது.

மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே, அங்கே எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலில் எழுதிக் கேட்கிறேன், சார்" என்றாள்.

கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததும் அவள் வீட்டாரிடம் பேசுவோம், நேயர்களுக்கும் தெரிவிப்போம்.