தெருவோர உணவு: தவிர்ப்பதா, தேர்வதா?

"வெளியில் எதையும் உண்ணாதீர்கள்" என்று மருத்துவர்களாகிய நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் காண வரும் எளிய குடும்பத்தினருக்கும், நோயாளிக்குத் துணையிருப்போருக்கும் கையேந்தி பவனே கட்டுப்படியாகும். அவர்களுக்கு இவ்வறிவுரை பயன்படாது. தேர்ந்தெடுக்கும் முறையையே நாங்கள் சொல்லித்தர வேண்டும்.

நோய்க்கிருமிகள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பெருகுகின்றன. ஆகவே கடையின் தோற்றத்தைவிட உணவின் சூட்டையே முதலில் பார்க்க வேண்டும். ஆவி பறக்கும் இட்லி, கண்ணெதிரே வார்த்த தோசை, அப்போதே பொரித்த மீன் ஆகியவற்றைப் பெரும்பாலும் அஞ்சாமல் உண்ணலாம். எண்ணெய் கறுத்திருந்தால் மீன் வேண்டா. காலையில் அரைத்து மாலைவரை வைத்த தேங்காய்ச் சட்னி, முன்பே நறுக்கிய பழம், ஐஸ் கலந்த சாறு ஆகியவற்றை விலக்குங்கள். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் மாசுற்ற நீரால் பரவுபவை. தாகத்திற்கு உடனே வெட்டிய இளநீர் நன்று. பொட்டாசியம் மிகுதியால் சிறுநீரக நோயாளிகளுக்கு அதுவும் ஆகாது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்று செய்துகொண்டோரும், கர்ப்பிணியரும் தங்கள் மருத்துவரைக் கேட்டே வெளியில் உண்ண வேண்டும். மற்றவர்கள் குறைந்த விலைக்காக அஞ்ச வேண்டியதில்லை; சூட்டையும் நீரையும் கவனித்தால் போதும்.