நல்ல துரை என்னும் பொய்

தோட்டங்களில் பழைய பேச்சு ஒன்று உண்டு: "இந்தத் துரை நல்ல துரை." சொல்வது யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் துரையின் மேசையருகே நாற்காலி போட்டிருப்பவராகவே இருப்பார். பெரட்டில் நிற்பவனைக் கேட்டு எழுதிய சான்றன்று அது. கிராணி வேலை பார்க்கும் நாமும் அந்த நாற்காலிக்காரரில் ஒருவரே. ஆதலின் வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் தளபதியாய் விளங்கிய ராபர்ட் லீக்கு வழங்கப்படுவதும் இதே சான்றுதான். ஆங்கிலப் பள்ளியில் அவரை மாசற்ற கனவான் என்றும், அடிமை முறையை உள்ளூர வெறுத்தவர் என்றும் படித்தோம், நம்பியும் இருந்தோம். கற்ற நண்பர் சிலர் இன்றும் அவ்வாறே வாதிக்கின்றனர். அவ்வாதம் நிற்குமா?

அடிமை முறை ஒரு தீமை என்று 1856-இல் லீ தம் மனைவிக்கு எழுதியது உண்மை. ஆனால் அத்தீமை கறுப்பரைவிட வெள்ளையருக்கே பெரிது என்றும், அவர்கள் படும் துன்பம் அவர்களுடைய பயிற்சிக்கு அவசியம் என்றும், அது எப்போது முடியும் என்பது கடவுளுக்கே தெரியும் என்றும் அதே கடிதம் கூறுகிறது. இதுவா வெறுப்பு?

1857-இல் லீயின் மாமனார் இறந்தார். தம் அடிமைகளை ஐந்தாண்டுகளுக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அவருடைய உயில். அதை நிறைவேற்றும் பொறுப்பு லீயினுடையது. லீயோ அவர்களை வெளியாருக்கு வாடகைக்கு விட்டார். தவணையை நீட்டக் கோரி நீதிமன்றமும் ஏறினார். வாக்களிக்கப்பட்ட விடுதலை வாராததைக் கண்டு, 1859-இல் வெஸ்லி நாரிஸ் என்பவர் தம் சகோதரியோடும் உறவினர் ஒருவரோடும் ஆர்லிங்டன் தோட்டத்தைவிட்டு ஓடினார். பிடிபட்டனர். லீ கண்முன் நின்று சவுக்கடி கொடுக்கச் செய்தார் என்றும், புண்பட்ட முதுகில் உப்பு நீர் ஊற்றப்பட்டது என்றும் 1866-இல் நாரிஸ் வாக்குமூலம் தந்தார். லீ மறுத்தார். ஆனால் ஓடியவர்களைப் பிடித்ததற்குக் காவலனுக்குப் பணம் கொடுத்த பதிவு லீயின் கணக்கேட்டிலேயே இருக்கிறது. கணக்கு எழுதுவோர்க்கு இது புரியும்: வாய் மறைப்பதை ஏடு காட்டிவிடும்.

"அவர் அக்காலத்து மனிதர்; அக்காலத்து நீதியைக் கொண்டே அளக்க வேண்டும்" என்பர். நன்று, நாரிஸ் எக்காலத்து மனிதர்? அடிபட்டவனுக்கு அக்காலத்திலேயே அது அநீதி என்று தெரிந்திருந்தது. அவனைக் காலக்கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ன நியாயம்? "சொந்த மாநிலத்தின்மீது வைத்த பற்று" என்பர். ஜார்ஜ் தாமஸும் அதே வர்ஜீனியாவில் பிறந்த படைத்தலைவரே. அவர் ஐக்கிய அரசின் பக்கம் நின்றார். ஆகவே வேறு வழி இருந்தது. லீ அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

1864-இல் கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சு எழுந்தது. கறுப்பு வீரர்களையும் சமமாகச் சேர்ப்பீரா என்று எதிர்ப்படைத் தளபதி கிராண்ட் கேட்டார். தம் குடிகளுக்கு உடைமையான கறுப்பர்கள் மாற்றுக்கு உரியவரல்லர் என்று லீ பதிலளித்தார். சீருடை அணிந்து பிடிபட்ட வீரன் அவர் கண்ணுக்கு மனிதனாகத் தெரியவில்லை. ஓடிப்போன சொத்தாகத் தெரிந்தான்.

1865 ஏப்ரல் 9-இல் சரணடைந்தபின் காட்டுப்போர் தொடராமல் தடுத்தார், அதை மறைக்கமாட்டோம். இன்சொல்லும் போர்த்திறமும் அவரிடம் இருந்தன. ஆனால் சவுக்குக்கு உத்தரவிட்டவனின் இன்சொல்லால் முதுகுக்கு என்ன பயன்?

ரிச்மண்ட் நகரில் 1890-இல் எழுப்பிய அவர் சிலை 2021-இல் இறக்கப்பட்டது. சரித்திரம் அழிகிறதே என்று சிலர் புலம்பினர். சரித்திரம் ஏட்டில் இருக்கிறது. பீடம் வணங்குவதற்கு உரியது. போரின் புண்களைத் திறந்து வைக்க வேண்டா என்று, நினைவுச் சின்னங்களுக்கு எதிராக லீயே எழுதியிருக்கிறார்.

அன்பர்களே! இனி எவரையேனும் நல்ல துரை என்று யாரேனும் புகழ்ந்தால், சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிறகு பெரட்டில் நிற்பவனைக் கேளுங்கள். அவன் சொல்லே தீர்ப்பு.