ஐம்பூதமும் மூலகங்களும்

தமிழ் பயில்வார்க்கு இரசாயன நூலால் ஆவதென்னை என வினவுவாருமுளர். நம் முன்னோர் ஐம்பூதம் என்றபோதே மூலகங்களையெல்லாம் கூறிவிட்டனர், இனி அறியக்கிடப்பது யாது எனப் பெருமை பேசுவாருமுளர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதே எளியேன் கருத்து.

மூலகமாவது, இரசாயன முறையால் வேறு பொருள்களாகப் பகுக்கவியலாத தனிப்பொருள். இதுகாறும் அறியப்பட்டவை 118. மூலகங்கள் குறித்த அளவிற் கூடித் தம்மியல்பு திரிந்து புதுப்பொருளாயின், அது சேர்க்கைப்பொருள். மணலும் சர்க்கரையும்போலத் தத்தம் இயல்போடு விரவி நிற்பது கலவை.

உப்பினை நோக்குமின். சோடியம் நீர்பட்டவுடன் சீறியெழும் உலோகம். குளோரின் 1915-ஆம் ஆண்டுப் போரில், பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரின் அருகே வீரரை மாய்த்த நச்சுக்காற்று. எடையில் முன்னது 23 பங்கும் பின்னது 35.5 பங்குமாகக் கூடியவழி, நாம் நாடோறும் உண்ணும் உப்பாகின்றன. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய்யாதலை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. எனினும் இவ்வுவமை ஒருபுடை ஒப்பேயாம். எவ்வுயிரும் எம்மெய்யோடும் கூடும், ஹீலியமோ பிறவற்றோடு எளிதிற் கூடாது.

இனி, ஐம்பூதத்திற்கு வருவோம். நீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிய சேர்க்கைப்பொருளென 1783-ஆம் ஆண்டில் லவாஸியே அறிவித்தார். காற்றும் நிலமும் கலவைகள். தீ பொருளன்று, நிகழ்ச்சி. விசும்பு வெளி. ஆகவே ஐம்பூதம் வேறு, மூலகம் வேறு. இதனால் உலகத்தை ஐந்தின் மயக்கமென்ற தொல்காப்பியர்க்கு இழுக்குண்டோ? இல்லை. லவாஸியேயும் 1789-ஆம் ஆண்டில் தாம் வகுத்த 33 மூலகங்களுள் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்தெண்ணினார். பின்னோர் அதனைத் திருத்தினர். அவர் புகழ் குன்றிற்றில்லை. முன்னோர் கூறாததை அவர்மேல் ஏற்றிப் புகழ்வதே அவர்க்கு நாம் இழைக்கும் இழுக்கு.

தமிழ் மாணவர்க்குரிய தொண்டு பிறிதொன்றுண்டு. மூலகத்தைத் தனிமமென்றும் சேர்க்கைப்பொருளைச் சேர்மமென்றும் இன்று வழங்குகின்றோம். இச்சொற்களுள் ஒன்றைப் பிறிதொன்றாக மயங்கவழங்கின், பொருளும் மயங்கும். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்த மருத்துவர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களையும் மொழிபெயர்த்தார். பிறநாட்டார் ஒருவர் துணிந்த அப்பணிக்கு நாம் பின்வாங்கலாமோ? நண்பர்காள்! இரசாயனசாலை நம் வகுப்பறைக்கு நெடுந்தொலைவில் இல்லை. ஒருநாட் சென்று பார்ப்போமாக. அங்குள்ள தோழரையும் நம் வகுப்பிற்கு அழைப்போமாக.