ஓர் உறையில் ஒரு கத்தி

கேரவன் என்றால் தமிழனுக்கு சினிமாதான் நினைவுக்கு வரும். படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு, உறுமும் ஜெனரேட்டருடன் நிற்கும் நீள வண்டி. உள்ளே நட்சத்திரம், வெளியே வெயிலில் உதவி இயக்குநர். அந்த வண்டி இப்போது மற்றவர்களுக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2022இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது.

கொச்சி சுள்ளிக்கல்லில் என் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்கு வயரிங் செய்து பழகிய இடம். அங்கே சில வாரங்களுக்கு முன் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் வேன் வந்து நின்றது. படுக்கை, அடுப்பு, ஏ.சி. எல்லாம் உண்டு. அதில் ஓர் 'ஆட்டோமேட்டிக் சேஞ்ச் ஓவர்' பொருத்த வேண்டும். கூடவே, வண்டிக்குள் ஒட்டி வைக்க இரண்டு பக்கக் குறிப்பு தமிழில் வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்த மொழிபெயர்ப்பாளன் பக்கத்துச் சந்தில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்?

விஷயம் எளிது. வண்டிக்கு மின்சாரம் வர இரண்டு வழி. நிறுத்துமிடத்தில் உள்ள பிளக்கில் கேபிளைச் செருகலாம், அல்லது வண்டியின் ஜெனரேட்டரை ஓட்டலாம். இரண்டில் எது வந்தாலும் எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பெட்டியின் வேலை. பிளக் வழியாக வருவதை ஆங்கிலக் கையேடு 'ஷோர் பவர்' என்கிறது. கரை மின்சாரம். கப்பல்காரர்களின் சொல். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து கொடுக்கும் மின்சாரம், சக்கரம் முளைத்துச் சாலைக்கு வந்திருக்கிறது. மலை மேல் நிற்கும் வண்டிக்கு ஏது கரை என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். படகு வயரிங் செய்த மேஸ்திரிக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. "கரைக் கரண்டுன்னே போடுங்க சாரே, எல்லாருக்கும் புரியும்" என்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கொச்சிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. 'சார்' இன்னும் 'சாரே'யாகத்தான் இருக்கிறது.

அடுத்த சிக்கல் பெரியது. 'பழைய தொடர்பைத் துண்டித்த பின்னரே புதிய தொடர்பு ஏற்படுத்தப்படும்' என்று எழுதிக்கொண்டு போனேன். மேஸ்திரி படித்துப் பார்த்தார். "ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணைப் பிடிக்கும்னு எழுதுனா என்ன?" என்றார். என் வாக்கியம் அந்த இடத்திலேயே செத்தது.

பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு காந்தச் சுவிட்சுகள். காண்டாக்டர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நெம்புகோல். ஒன்று மூடினால் மற்றதை மூட விடாமல் அது தடுத்துவிடும். மின்சாரமே தவறான கட்டளை கொடுத்தாலும் அந்த நெம்புகோல் கேட்காது. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்ற பழமொழியை யாரோ இரும்பில் செய்து வைத்த மாதிரி இருந்தது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் பெட்டி உடனே தாவுவதில்லை. வேகமும் வோல்டேஜும் நிலைப்பட 20, 30 விநாடி காத்திருந்து, பிறகுதான் மாறுகிறது.

பொருத்தும் வேலையில் அவர் காட்டிய நிதானம் என்னை ஆச்சரியப்படுத்தியது. முதலில் கரைக் கேபிளைப் பிடுங்கினார். பிறகு ஜெனரேட்டரின் பாட்டரி கம்பியைக் கழற்றினார். வேலை நடுவில் அது தானாகக் கிளம்பிவிடக் கூடாது. ஓடுகிற வண்டியில் திருகுகள் தளரும் என்பதால் ஒவ்வொரு கம்பி முனைக்கும் லக் போட்டு அழுத்தினார். ஃபேஸை மட்டுமல்ல, நியூட்ரலையும் சேர்த்தே பெட்டி வழியாக மாற்றினார். எர்த் கம்பியை மட்டும் எந்தச் சுவிட்சுக்கும் கொடுக்காமல் நேராக வண்டியின் உடம்போடு சேர்த்தார்.

எர்த்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வண்டியின் உடம்பு இரும்பு, நிற்பது ரப்பர் சக்கரத்தில். உள்ளே எங்காவது கசிந்து, எர்த்தும் அறுந்து கிடந்தால், கசிந்த மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் உடம்பிலேயே காத்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மழையில் வெறுங்காலுடன் தரையில் நின்று கதவின் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் அதற்கு வழி. கொச்சியில் ஜூன் மாதம் எப்படிப் பெய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் அவர் சேர்த்து மாட்டியதற்குக் காரணம் அதுதான்.

பெட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜெனரேட்டர் ஓடும்போது, வெளியே தொங்கும் கரைக் கேபிளின் பிளக் முனைகளில் 230 வோல்ட் நிற்கும் என்றார். குழந்தை எடுத்து விளையாடினால் போதும். செருகிய நிலையில் இருந்தாலோ, ஊர் மின்சாரமும் ஜெனரேட்டரும் மோதிக்கொள்ளும், அல்லது ஊர் மின்சாரம் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் ஊருக்குள் நுழையும்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. அதற்குத் திசை தெரியாது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் போனால், அந்தப் பக்கம் மீண்டும் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். பெரும்பாலும் தெருவின் சுமை தாங்காமல் ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆனால் கம்பி அறுந்து, நம் வீட்டோடு மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் நிற்காது. அறுந்த கம்பியை எடுக்கத்தான் லைன்மேன் வருவார்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும், செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவும் வாடகை ஜெனரேட்டர்கள் ஊர் ஊராகச் சுற்றின. அதே ஆகஸ்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. இருந்தும் இங்கிருந்து மின்வாரிய ஊழியர்கள் கம்பம் நட அங்கே போனார்கள். ஏறுகிற ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் ஊழியர் நம்பியாக வேண்டியிருந்தது, கீழே எந்த வீட்டிலும் எவரும் ஜெனரேட்டரைத் தப்பாகச் செருகவில்லை என்று. கம்பியை எர்த் செய்துவிட்டுத் தொடுவதுதான் விதி. விதி இருக்கிறது என்பதற்காக நாம் அவர் உயிரோடு விளையாடலாமா?

மெயினை அணைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும், மறக்காதவரை. அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் விலை, நம் மறதிக்குக் கொடுக்கும் விலை.

குறிப்பை எழுதி முடித்தேன். 16 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 3,680 வாட்தான், ஏ.சி.யையும் இண்டக்ஷன் அடுப்பையும் சேர்த்து ஓட்டும் முன் யோசிக்கவும் என்று ஒரு வரி. கேபிளை மாட்டியதும் வண்டியின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கவும் என்று ஒரு வரி. தலைப்பாக, மேஸ்திரி சொன்னதையே போட்டேன்: 'ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைப் பிடிக்கும்.' கூலி கொடுக்க வந்தார். தலைப்புக்கான பங்கு அவருடையது என்பதால் டீயோடு முடித்துக்கொண்டோம்.

ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. 2018 வெள்ளத்தின்போது எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. நண்பர் ஒருவரின் சின்ன ஜெனரேட்டரை இரவல் வாங்கி, இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, சமையலறை சாக்கெட்டில் செருகி விளக்கு எரித்தேன். மெயினை அணைத்தேனா? அணைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு யோசித்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பரணில் தேடினேன். ஒயர் பத்திரமாக இருந்தது, இன்னொரு வெள்ளத்துக்குப் பயன்படும் என்று சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன். கட்டிங் பிளேயரால் இரண்டு பிளக்கையும் வெட்டி எடுத்தேன். "நல்ல ஒயராச்சே, ஏங்க வெட்டுறீங்க?" என்று கேட்டாள் மனைவி. பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.