ஃபேர் காப்பி இல்லாத நாவல்கள்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. புத்தகம் கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, முந்நூற்றெண்பது பக்கம். படிக்காமல் மேடையேறிப் பாராட்டுகிற வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதில் அவர்களுக்கு வருத்தம். இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பத்து வரிக் கடிதம் எப்படி வெளியே போகும் என்று. உதவியாளர் வரைவு எழுதுவார். கண்காணிப்பாளர் சிவப்பு மையில் நாலு இடத்தில் அடிப்பார். அதிகாரி இரண்டு வார்த்தையை மாற்றுவார். பிறகு டைப்பிஸ்ட் ஃபேர் காப்பி அடிப்பார். அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் கையெழுத்து. ஒரு குடிநீர்க் குழாய் பழுதைப் பற்றிய கடிதத்துக்கே இத்தனை கை.

அதே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாம் நானூறு பக்க நாவல் எழுதுகிறோம். முதல் தடவை எழுதியதை அப்படியே டி.டி.பி. சென்டருக்குக் கொடுக்கிறோம். அடுத்த மாதம் மண்டபத்தில் வெளியீடு, சால்வை, போட்டோ, சாப்பாடு. நடுவில் ஒருவர்கூட அதில் சிவப்பு மை வைப்பதில்லை. பத்து வரிக் கடிதத்துக்குக் கொடுத்த மரியாதையை நம் வாழ்க்கைக் கதைக்கு நாம் கொடுக்கவில்லை.

இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மீது.

என் நண்பர் ஒருவர், என்னோடு திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் வந்து போனவர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போகும்போது நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டே வருவார். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லாட்டை விவசாயம் செய்த குடும்பத்தின் கதை. ஓய்வு பெற்ற வருஷம் பணிக்கொடையிலிருந்து அறுபதாயிரம் எடுத்து ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தார். முந்நூறு பிரதி. வெளியீட்டு விழாவில் நான்தான் முதன்மைப் பேச்சாளர். முதல் நாற்பது பக்கமும் கடைசி அத்தியாயமும் படித்துவிட்டுப் போய், "தென்னாற்காட்டு மண்ணின் மகத்தான காவியம்" என்றேன். கைதட்டினார்கள். அவர் கண் கலங்கினார்.

நாலு வருஷம் கழித்து அவர் காலமானார். காரியம் முடிந்து ஒரு வாரத்தில் அவர் மனைவி கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலுக்கு அடியில் பிரிக்காத கட்டுகள். "இதெல்லாம் இன்னா பண்றதுண்ணா? பழைய பேப்பர்க்காரனுக்குப் போடவும் மனசு வரல" என்றார். ஒரு கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரிதான் அந்த நாவலை முழுசாகப் படித்தேன்.

பதினேழாவது அத்தியாயத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மல்லாட்டை ஆய்கிறார்கள். சாயங்காலம் மரக்காலில் அளந்து கூலி போடும்போது, அளக்கிறவனின் கட்டைவிரல் மரக்காலுக்கு உள்ளே இருக்கிறது. ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்துவிடுகிறாள். சொன்னால் அம்மாவுக்கு நாளைக்கு வேலை இருக்காது. பதினோரு பக்கம். படித்து முடித்து விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஓர் அத்தியாயத்தை நான் என் ஆயுளில் எழுதப்போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருநூறு பக்கம் கோயில் வரலாறும், கட்சி வரலாறும், நாலு பாட்டும். யார் பதினேழாவது அத்தியாயம் வரைக்கும் போவார்கள்? மேடையில் காவியம் என்று சொன்ன நானே போகவில்லையே.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. புத்தகம் முழுக்க "வேர்க்கடலை" என்று இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு நாளும் அந்தச் சொல் வந்ததில்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மல்லாட்டை. காசு வாங்கிய பதிப்பாளர் அந்த நாவலில் செய்த ஒரே திருத்தம் அதுதான். எடுக்க வேண்டிய இருநூறு பக்கத்தைத் தொடவில்லை. தொடக்கூடாத ஒரு சொல்லை எடுத்துவிட்டார்.

"என்ன சார், நாம என்ன பெரிய எழுத்தாளரா? நமக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். பெரிய எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கேள்வி தலைகீழாகிவிடும்.

சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யைச் சரஸ்வதி இதழில் தொடராக ஆரம்பித்தார். அது பாதியில் நின்றது. புத்தகமாக வந்தது 1966இல். அடுத்த நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல். மூன்றாவது 1998இல். முப்பத்திரண்டு வருஷத்தில் மூன்றே நாவல். நாம் ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் நாலு போடுகிறோம்.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பரில். மறு வருஷம் வந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. அவர் நம் பழைய தென்னாற்காட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். வெளியிட்டது க்ரியா. 1974இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், ஒரு பிரதியை வரிவரியாகப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதவர் என்று பெயரெடுத்தவர். தற்காலத் தமிழுக்கு அகராதி போட்ட கை அது. 2020 நவம்பரில் கொரோனாவில் அவர் போகும் முன்புகூட அந்த அகராதியின் திருத்திய பதிப்பு வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் பேசுகிற பேச்சை அவர் பாடப்புத்தகத் தமிழாக்கவில்லை. திருத்துவது என்றால் ஊர்ச் சொல்லை அழிப்பது அல்ல என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. அதே இமையத்துக்கு 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் வருவது நாம் எல்லோரும் ஏறி இறங்கிய ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு. நம் சனத்தின் கதை விலைபோகாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

இன்னும் பழசுக்குப் போகலாம். திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கில்தான் சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பாட்டு பத்துப்பாட்டில் ஒன்றாக, நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் நம் கைக்கு வந்தது உ.வே.சா. ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு, ஐயம் வந்த சொல்லுக்காக ஊர் ஊராக அலைந்ததால். யாரோ எழுதியதற்கு அவர் அவ்வளவு பாடுபட்டார். நாம் எழுதியதற்கு நாம் ஒரு மழைக்காலம்கூடக் காத்திருப்பதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஜெயமோகன் 'வெண்முரசை' 2014 முதல் 2020 வரை நாள்தோறும் எழுதி இருபத்தாறு நூலாக முடித்தார். அவர்கள் எங்கே உட்கார்ந்து அடித்துத் திருத்தினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வேகத்துக்கு முன்னால் எத்தனை வருஷத்துக் கை இருந்தது என்று பாருங்கள். கல்கி அதற்குள் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' எல்லாம் எழுதி முடித்தவர், பத்திரிகை ஆசிரியராகப் பிறர் எழுத்தை வெட்டி ஒட்டிப் பழகியவர். ஜெயமோகனின் முதல் நாவல் 'ரப்பர்' வந்தது 1990இல். இருபத்துநாலு வருஷம் கழித்துத்தான் 'வெண்முரசு'. அறுபது வயதில் முதல் நாவலை ஆரம்பிக்கிற நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. "நமக்கு எழுபது ஆயிடுச்சு. திருத்திக்கிட்டே இருந்தா, போற நாள் வந்துடும்." இதைச் சொன்னவரை நான் கேலி செய்யமாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ப. சிங்காரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒண்டிக்கட்டை. 'புயலிலே ஒரு தோணி'யை எழுதி வைத்துக்கொண்டு போடுவார் இல்லாமல் பல வருஷம் காத்திருந்தார். 1972இல் வந்தபோது பெரிய வரவேற்பும் இல்லை. இரண்டு நாவலோடு நிறுத்திக்கொண்டார். 1997இல் காலமானார். இன்றைக்குத் தமிழின் சிறந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை விடுவதில்லை. அவருக்குச் சால்வை கிடைக்கவில்லை, புத்தகத்துக்கு ஆயுள் கிடைத்தது. நம் நண்பருக்கு நாங்கள் சால்வை போட்டோம். புத்தகம் கட்டிலுக்கு அடியில்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசமாகிவிடும். என் நாவலின் முதல் பிரதி கோடு போட்ட நீள நோட்டில் அறுநூற்று நாற்பது பக்கம். திண்டிவனத்தில் என் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது நாள் நிறுத்தச் சொன்னது. "நம்ம அம்மா எங்கடா இப்புடிப் பேசிச்சி? அது கோவம் வந்தா பேசவே பேசாதே, பாத்திரத்தைத்தானே டக்குனு வைக்கும்." அம்மா பேசுகிற பதினாலு பக்க வசனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் இருக்கிறது. இரண்டாவது பிரதி நானூறு பக்கம். மூன்றாவது இருநூற்றுப் பத்து. இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே போகலாம். போனால் என்ன?

இதுதான் நம்மில் பலருக்கு ஒத்துக்கொள்ள முடியாத விஷயம். எழுதியதெல்லாம் புத்தகமாக வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பக் கதை தெரிய வேண்டும் என்றால், நாலு ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய் வேலை. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அறுபதாயிரம் கொடுத்து முந்நூறு பிரதி அடிப்பது ஊருக்காக என்றால், ஊர் படிக்கிற மாதிரி அதை ஆக்குகிற பொறுப்பு நமக்கு உண்டு.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துகிற பதிப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை உங்களில் யார் முழுசாகப் படித்தது?" பதில் வராவிட்டால் காசைத் திருப்பிக் கேளுங்கள். அச்சுக்கூலி வாங்குகிறவர் அச்சுக்காரர். படித்து, வேண்டாததை வேண்டாம் என்று சொல்கிறவர்தான் பதிப்பாளர். அப்படிச் செய்கிறவர்கள் தமிழில் இன்றும் இருக்கிறார்கள், குறைவாக.

விழாக்களில் பேசுகிற என் போன்ற ஓய்வுபெற்ற பேச்சாளர்களுக்கும் ஒன்று. நாம் சொல்கிற பொய்க்கு நமக்கு ஒரு சால்வையும் ஒரு வேளைச் சாப்பாடும் கிடைக்கிறது. எழுதியவருக்கு அவர் புத்தகமே போய்விடுகிறது. அன்று விழாவுக்கு மூன்று மாதம் முன்னால் நான் அந்த நாவலைப் படித்து, "பதினேழாவது அத்தியாயத்திலிருந்து ஆரம்பி, முன்னால இருக்கிறதை எடுத்துடு" என்று சொல்லியிருந்தால், அவர் ஒரு மாதம் என்னோடு பேசியிருக்கமாட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இப்போது அவர் மனைவியின் சம்மதத்தோடு அந்த அத்தியாயத்தைத் தனியாக எடுத்துக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வேர்க்கடலை இருக்கிற இடத்திலெல்லாம் மல்லாட்டையைத் திரும்பப் போட்டாகிவிட்டது. ஐம்பத்துமூன்று இடம். இரண்டு வாக்கியம் மட்டும் நீளமாக இருக்கிறது, வெட்டினால் நன்றாக இருக்கும். கேட்க அவர் இல்லை. பென்சிலில் ஒரு கோடு போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.