சைகோனில் இரண்டு பகல்

சனி, ஞாயிறு என்னும் இரு தினங்களுள் அயல்நாட்டு நகரமொன்றைக் கண்டு திரும்புதல் முன்னாளிற் பெருஞ் செல்வர்க்கே கைகூடிய காரியம். இன்றோ நடுத்தரக் குடும்பத்தாரும் அதற்குத் திட்டமிடுகின்றனர். அத்தகையோருக்கு நாம் இவ்வாரம் எடுத்துக்கொண்ட நகரம் வியட்நாமின் தென்பாலுள்ள சைகோன். 1976ஆம் ஆண்டு முதல் ஹோ சி மின் நகரம் என்பதே அதன் உத்தியோகப் பெயராயினும், ஊரவர் வாயில் இன்றும் வழங்குவது பழைய பெயரே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரொன்றில் விமானம் மாறிச் செல்வோர்க்குப் போக்குவரத்திலேயே நேரம் பெரிதுங் கரைந்துவிடும். ஆகவே, வெள்ளியையோ திங்களையோ லீவாகச் சேர்த்துக்கொள்ளாமற் புறப்படுதல் பணத்தை வீணாக்குவதாகும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உற்றார் வீட்டிற்குச் செல்வோருக்கு வசதி அதிகம். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்புத்தான். வியட்நாமிய நேரம் நமது நேரத்திற்கு ஒன்றரை மணி முந்தியது. விசா அனுமதியை இணையவழியே பெறும் வசதி 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையற்ற காலம். ஆயினும், அவர்களது புத்தாண்டாகிய ‘தெத்’ ஜனவரி இறுதியிலோ பெப்ரவரியிலோ வரும். அவ்வாரத்திற் கடைகள் பல பூட்டியிருக்குமாதலால் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

நகரின் முன்னாள் முதலாம் வட்டாரப் பகுதியில் அறை பிடித்துக்கொண்டால், காணத்தக்கவற்றுட் பெரும்பாலானவற்றைக் கால்நடையாகவே காணலாம். ஆனால் நடப்பதற்கு முன் வீதியைக் கடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்! மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்துகொண்டேயிருக்கும். இடைவெளி வருமென்று காத்து நிற்பவர் மாலை வரை நிற்க வேண்டியதுதான். ஓடாமலும், இடையிற் திகைத்து நில்லாமலும், பின்வாங்காமலும் ஒரே சீராக மெல்ல நடந்தால், ஓட்டுவோர் நம்மைக் கணித்து விலகிச் செல்வர். பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொள்ளல் அவசியம்.

சனிக்கிழமை காலையில் மாதா கோயிலையும் அதன் அயலிலுள்ள தலைமைத் தபாற் கந்தோரையும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் 1877க்கும் 1880க்கும் இடையிற் கட்டிய அக்கோயிலின் செங்கற்கள் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவை. 2017இல் அதன் திருத்தவேலை தொடங்கியது. உள்ளே செல்லலாமென்ற எண்ணத்தோடு போகாதிருத்தல் நலம். 1891இல் நிறைவெய்திய தபாற் கந்தோரை பாரிஸ் கோபுரம் எழுப்பிய ஐபெல் அமைத்தார் என்று வழிகாட்டிகள் கூறுவர். அது கட்டுக்கதை. எனினும் வளைந்த கூரையும், சுவரில் தீட்டிய பழைய தேசப்படங்களும் கண்ணுக்கு விருந்து. அங்கிருந்தே வீட்டுக்கு ஒரு தபாலட்டை எழுதிப் போடுங்கள்.

பென் தான் சந்தைக்கு மிக அணித்தே, துரோங் தின் வீதியில், மாரியம்மன் கோயிலொன்றிருப்பது நம்மவர் பலர் அறியாதது. பிரெஞ்சு ஆட்சியில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இங்கு வட்டித் தொழில் நடத்தினர். புதுச்சேரி, காரைக்கால் தமிழர் அரசாங்க உத்தியோகங்களில் அமர்ந்தனர். 1975இன் பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். ஆயினும் கோயில் வெறிச்சோடவில்லை. வியட்நாமியரும் சீனருமே ஊதுபத்தி ஏந்தி அம்மனை வணங்கி நிற்கின்றனர். அடியார் போனபின்னும் அம்மனுக்கு அடியார் வந்து வாய்த்தமை நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கும் காட்சி. தொன் தாத் தியெப் வீதியிலே தண்டாயுதபாணி கோயிலும் உண்டு.

இனி, குடும்பத்தோடு செல்வோர் ஆற அமர யோசிக்க வேண்டியதொன்று. அந்நகரத்திற் போர்ச் சின்னங்களுக்கான அரும்பொருட்சாலை இருக்கிறது. குண்டுகளும் விமானங்களும் முற்றத்தில் நிற்கும். உள்ளே இருப்பவை புகைப்படங்கள். நச்சு மருந்து தெளித்ததன் விளைவாக ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். சிறு பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்வது தகாது என்பதே நம் கருத்து. பெற்றோரில் ஒருவர் வெளியே பிள்ளைகளோடிருக்க, மற்றவர் பார்த்து வரட்டும். போரை நேரிற் கண்ட நம் நாட்டு முதியோரையும் முன்கூட்டிக் கேளாமல் அழைத்துச் செல்லலாகாது. அச்சாலை சொல்வது வென்றவர் பக்கத்துக் கதை என்பதையும் மறத்தலாகாது. ஆனால் போரின் இரு பக்கத்தும் நின்று படமெடுத்து மடிந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளரின் படங்களுக்கென அங்கே ஒரு பகுதி உண்டு. வளர்ந்தோர் அதனை அவசியம் பார்க்க வேண்டும்.

கூ சி சுரங்கங்களுக்குச் செல்லுமாறு எல்லாரும் தூண்டுவர். மொத்தம் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நிலத்தடியே தோண்டிய அதிசயந்தான். ஆனால் போய்வர அரைநாள் வேண்டும். மேலும், பணங்கொடுத்துத் துப்பாக்கி சுடும் களமொன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். மனிதர் மாண்ட மண்ணில் அது விளையாட்டாகுமா? இரண்டு நாட் பிரயாணிகள் இதனை விட்டுவிடலாம்.

அதற்குப் பதிலாக ஞாயிறு காலை சோலோன் என்னும் சீனர் பகுதிக்குச் செல்க. தியென் ஹௌ என்னும் கடற்றெய்வத்தின் ஆலயத்தில், சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும். பிற்பகலில், 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய நகரப் புகையிரதத்திற் பென் தானில் ஏறி, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரமுள்ள கடைசி நிலையம் வரை போய்வரலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியோர் கால்களுக்கு ஓய்வு.

உணவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீள்பாணில் இறைச்சியும் ஊறுகாய்க் காய்களும் அடைத்து விற்பர். நாம் குறுணல் என்று கோழிக்கிடும் உடைந்த அரிசி அங்கே விருப்பமான சோறு. வடிகட்டியிற் துளித்துளியாய் இறங்குங் கோப்பியில் ரின்பாலும் பனிக்கட்டியுஞ் சேர்த்து அருந்துவர். மிகக் கடுமையானது, இரவிற் குடித்தால் உறக்கம் வராது. சைவ உணவினர் ‘சாய்’ என்ற பலகை தொங்கும் கடையை நாடுக. ஏனைய கடைகளிற் கீரையிலுங்கூட மீன்சாறு கலந்திருக்கும்.

பணத்தில் மட்டும் கண்ணாயிருங்கள். இருபதினாயிரம் டொங் தாளும் ஐந்நூறாயிரம் டொங் தாளும் நீலச் சாயலில் ஒன்றையொன்று ஒத்தவை. இரண்டையும் பணப்பையின் வெவ்வேறு அறைகளில் வைத்து, வாடகை வண்டியிலிருந்து இறங்குமுன் வெளிச்சத்திற் பார்த்து எண்ணிக் கொடுங்கள்.